அணுகுண்டும் ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டரும்

1992ஆம் ஆண்டு. சோவியத் யூனியன் உடைந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் பொடோல்ஸ்க் என்ற ஊர். அங்கே அணுசக்தி சம்பந்தப்பட்ட 'லூச்' என்ற தொழிற்சாலையில் ஒரு பொறியாளர் பல வருடமாக வேலை பார்த்து வந்தார். விலைவாசி ராக்கெட் மாதிரி ஏறிக்கொண்டிருந்த நேரம். அவர் வாங்கின சம்பளம் எதற்கும் போதவில்லை. வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ், புது அடுப்பு வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

தினமும் அவர் கையாண்ட பொருள் செறிவூட்டப்பட்ட யுரேனியம். அணுகுண்டு செய்யும் தரத்தில் உள்ளது. அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்து, வீட்டு பால்கனியில் சேர்த்து வைத்தார். மே முதல் செப்டம்பர் வரை இப்படியே போனது. கடைசியில் சேர்ந்தது சுமார் ஒன்றரைக் கிலோ!

தொழிற்சாலையில் யாருக்கும் தெரியவில்லையா என்று கேட்கலாம். தெரியவில்லை. எப்படி என்பதை அவரே பிறகு ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் விளக்கினார். அந்தத் தொழிற்சாலையின் கணக்கு முறையில், வேலை நடக்கும்போது 3 சதவீதம் வரை பொருள் வீணாகலாம் என்று அனுமதி இருந்தது. அவர் அந்த வரம்புக்குள்ளேயே நின்றுகொண்டார். கணக்கில் எந்தக் குறையும் இல்லை!

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது என்ன என்று உடனே புரிந்திருக்கும். 'நார்மல் லாஸ்'. பிராசஸ் அக்கவுண்டில் கிரெடிட் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டு, அதன் பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு எண். பொடோல்ஸ்கில் அந்த வரிக்குள் ஒரு அணுகுண்டுக்கான பொருளில் ஒரு பங்கு ஒளிந்திருந்தது.

அவர் பிடிபட்டதும் யுரேனியத்துக்காக அல்ல. மாஸ்கோவுக்குப் போய் ஆள் தேடலாம் என்று ரயில் நிலையத்துக்கு வந்தார். அங்கே தெரிந்தவர்கள் சிலரைச் சந்தித்தார். அவர்கள் தங்கள் கம்பெனியில் பேட்டரி திருடியவர்கள். போலீஸ் பேட்டரி திருடர்களைப் பிடிக்க வந்தது, கூட நின்றவரின் பையையும் சோதித்தது. தற்செயல்!

பேரழிவு ஆயுதங்கள் பயங்கரவாதிகள் கையில் போகாமல் தடுப்பது என்றாலே கமாண்டோக்கள், உளவாளிகள், கடைசி நிமிடத்தில் எந்த வயரை வெட்டுவது என்று வியர்க்கும் ஹீரோ, இவைதான் பலருக்கு ஞாபகம் வரும். உண்மையில் அந்த வேலையின் பெரும்பகுதி ஒரு ஸ்டோர் கீப்பரின் வேலை. என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது? இந்த நான்கு கேள்விக்கும் சரியான பதில் இருந்தால் ஹீரோவுக்கு வேலையே இல்லை.

காரணம் இதுதான். அணுகுண்டு செய்வதில் மிகக் கஷ்டமான பகுதி வடிவமைப்பு அல்ல, பொருள். யுரேனியத்தைச் செறிவூட்ட ஆயிரக்கணக்கான சென்டிரிஃப்யூஜ் இயந்திரங்கள் வேண்டும், பல வருடங்கள் வேண்டும், ஒரு அரசாங்கத்தின் பணபலம் வேண்டும். எந்தப் பயங்கரவாதக் கும்பலாலும் அது முடியாது. புளூட்டோனியத்துக்கு அணு உலையே வேண்டும். ஆகவே அவர்களுக்கு இருக்கும் வழிகள் இரண்டே இரண்டு: திருடுவது அல்லது வாங்குவது. சர்வதேச அணுசக்தி முகமையின் (ஐ.ஏ.இ.ஏ.) கணக்குப்படி, ஒரு குண்டுக்குக் கவலைப்பட வேண்டிய அளவு செறிவூட்டிய யுரேனியத்தில் 25 கிலோ, புளூட்டோனியத்தில் 8 கிலோ. ஒரு அரிசி மூட்டை, ஒரு சிறிய பை. உலகத்தின் எல்லா ஸ்டோர் ரூமிலும் இந்த அளவு குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும், அணுகுண்டுப் பயங்கரவாதம் நடக்க முடியாது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு வேலை செய்த காலம் ஒன்று இருந்தது. 1991இல் சாம் நன், ரிச்சர்ட் லூகர் என்ற இரண்டு அமெரிக்க செனட்டர்கள், ஒருவர் ஜனநாயகக் கட்சி, இன்னொருவர் குடியரசுக் கட்சி, சேர்ந்து ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். நேற்று வரை எதிரியாக இருந்த நாட்டின் ஆயுதக் கிடங்குகளுக்கு அமெரிக்கா பணம் கொடுத்துப் பூட்டு வாங்கித் தரும் திட்டம். கேட்பதற்கே வேடிக்கையாக இருக்கும். ஆனால் பலன்? உக்ரைன், கஜகஸ்தான், பெலாரஸ் மூன்றும் தங்கள் மண்ணில் இருந்த ஆயிரக்கணக்கான அணு ஆயுதங்களை 1996க்குள் ஒப்படைத்துவிட்டன.

அந்தக் காலத்தில் நடந்த இன்னொரு சம்பவம். கஜகஸ்தானில் உஸ்த்-கமெனோகோர்ஸ்க் என்ற இடத்தில் ஒரு கிடங்கில் சுமார் 600 கிலோ செறிவூட்டிய யுரேனியம் கிடந்தது. கதவில் ஒரு சாதாரண பழங்காலப் பூட்டு. 25 கிலோ கணக்கில் பார்த்தால் 24 குண்டு. 1994இல் அமெரிக்கா அதை ரகசியமாக விமானத்தில் ஏற்றி டென்னஸி மாநிலத்தின் ஓக் ரிட்ஜுக்குக் கொண்டு போனது. சண்டை இல்லை, மிரட்டல் இல்லை. கஜகஸ்தான் சம்மதித்தது, பதிலுக்கு உதவி பெற்றது.

இதைவிடப் பெரிய வியாபாரமும் ஒன்று நடந்தது. ரஷ்யா தன் அணுகுண்டுகளில் இருந்த 500 டன் செறிவூட்டிய யுரேனியத்தை நீர்த்துப்போகச் செய்து, மின் நிலைய எரிபொருளாக அமெரிக்காவுக்கு விற்றது. 1993இல் ஒப்பந்தம், 2013இல் கடைசி லோடு. ஏறத்தாழ 20,000 குண்டுகளுக்கான பொருள்! பல வருடங்கள் அமெரிக்காவின் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கு அந்த ரஷ்ய குண்டுகளிலிருந்து வந்தது. விற்றவனுக்கு லாபம், வாங்கினவனுக்கு லாபம், உலகத்துக்கும் லாபம். ஆயுதக் குறைப்பு வரலாற்றில் இதற்கு இணையான டீல் சொல்வது கஷ்டம்.

ஆனாலும் இந்த வேலைக்குப் பணம் எப்போதும் சுலபமாக வந்ததில்லை. செர்பியாவின் வின்ச்சா ஆராய்ச்சி நிலையத்தில் 48 கிலோ செறிவூட்டிய யுரேனியம் இருந்தது. 2002 ஆகஸ்டில் அதைப் பாதுகாப்பாக ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். அங்கேயே கிடந்த பழைய எரிபொருள் கழிவைச் சுத்தம் செய்ய உதவினால்தான் தருவோம் என்று செர்பியா கேட்டது. அதற்குச் செலவழிக்க அமெரிக்க அரசின் விதிகளில் இடம் இல்லை. கடைசியில் 50 லட்சம் டாலர் கொடுத்தது சி.என்.என். நிறுவனர் டெட் டர்னர் ஆரம்பித்த ஒரு தொண்டு நிறுவனம். இரண்டு குண்டுக்குத் தேவையான பொருளை அப்புறப்படுத்த ஒரு பணக்காரரின் நன்கொடை தேவைப்பட்டது என்றால், அரசாங்கங்கள் இதை எந்த இடத்தில் வைத்திருந்தன என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இது அணு விஷயம். ரசாயன ஆயுதம் வேறு மாதிரி. அதற்குத் திருட வேண்டிய அவசியம் இல்லை, மூலப்பொருளைக் கடையில் வாங்கலாம். ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ கும்பல் அதைத்தான் செய்தது. படித்த வேதியியல் ஆட்கள் இருந்தார்கள், பணம் கொட்டிக் கிடந்தது, ஃபூஜி மலை அடிவாரத்தில் சொந்த ஆலையே இருந்தது. பினாமி கம்பெனிகள் வைத்து ரசாயனங்களை டன் கணக்கில் வாங்கினார்கள். அந்தக் கும்பலின் முக்கியஸ்தர் ஒருவரின் நோட்டுப் புத்தகத்தில் அணுகுண்டு என்ன விலை என்ற கேள்வியும் இருந்ததாக 1995இல் அமெரிக்க செனட் விசாரணை சொன்னது. குண்டு கிடைக்கவில்லை. சாரின் வாயுவைத் தாங்களே தயாரித்தார்கள். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் அதைக் கசிய விட்டார்கள். 13 பேர் இறந்தார்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். இருபத்தைந்து வருடம் படுக்கையில் கிடந்த இன்னொருவர் 2020இல் இறந்தார்.

இந்த இரண்டு விஷயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவு. அணுகுண்டுப் பொருள் பூட்டுக்குள் இருந்தது, அதனால் அவர்களால் முடியவில்லை. ரசாயனம் பூட்டுக்குள் இல்லை, பில் போட்டு வாங்கினார்கள், முடிந்தது.

வியாபாரம் என்றதும் பாகிஸ்தானின் ஏ.க்யூ. கான் பெயர் வராமல் போகாது. 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'பிபிசி சைனா' என்ற கப்பலை இத்தாலிக்குத் திருப்பிச் சோதித்தபோது சென்டிரிஃப்யூஜ் பாகங்கள் கிடைத்தன. பாகங்களை மலேசியாவில் செய்திருந்தார்கள், துபாய் வழியாக அனுப்பியிருந்தார்கள், பணத்தைக் கவனித்துக்கொண்டது துபாயில் இருந்த ஒரு இலங்கை வியாபாரி. 2004 பிப்ரவரியில் கான் தொலைக்காட்சியில் தோன்றி ஒப்புக்கொண்டார். இதில் உலகத்துக்கு அதிர்ச்சி என்னவென்றால், சம்பந்தப்பட்ட பல நாடுகளில் இப்படிப்பட்ட பாகங்களைச் செய்வதையோ அனுப்புவதையோ தடுக்கச் சரியான சட்டமே இல்லை. ஒப்பந்தங்கள் எல்லாம் அரசாங்கங்களுக்குத்தான். தனியாக ஒரு ஆள் கடை திறந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2004 ஏப்ரல் 28 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 1540ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அணு, ரசாயன, உயிரி ஆயுதங்கள் அரசு அல்லாத ஆட்களிடம் போகாமல் தடுக்க ஒவ்வொரு நாடும் சட்டம் போட வேண்டும், பொருட்களைக் கணக்கில் வைத்துப் பாதுகாக்க வேண்டும், எல்லையையும் ஏற்றுமதியையும் கண்காணிக்க வேண்டும், இதற்குப் பணம் போவதைத் தடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் எல்லா நாட்டையும் கட்டுப்படுத்தும். இந்தியா 2005இல் இதற்கென்று தனிச் சட்டம் கொண்டு வந்தது. 2022இல் அதைத் திருத்தி, இந்த ஆயுதங்களுக்கு நிதி உதவி செய்வதையும் குற்றமாக்கியது. வங்கி வேலைக்கோ ஏற்றுமதித் துறைக்கோ போகப் போகிற மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. ஒரு லெட்டர் ஆஃப் கிரெடிட்டைப் பாஸ் செய்கிற குமாஸ்தாவும், ஷிப்பிங் பில்லைப் பார்க்கிற கஸ்டம்ஸ் அதிகாரியும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. கானின் கூட்டம் ஜெயித்ததே அந்தக் கண்ணிகள் தூங்கியதால்தான்.

காகிதத்தில் எல்லாம் சரி. தணிக்கை செய்வது யார்? இங்கேதான் பிரச்சினை.

1540 கமிட்டிக்கு உதவியாக இருக்கும் நிபுணர்கள் அதிகபட்சம் ஒன்பது பேர். உலகத்துக்கே ஒன்பது பேர்! அவர்களும் நாடுகள் அனுப்பும் அறிக்கைகளைப் படிக்கலாம், நேரில் போய்க் கிடங்கைத் திறந்து காட்டு என்று கேட்க அதிகாரம் இல்லை. அணுப்பொருள் பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் பலப்படுத்தும் திருத்தம் 2005இல் தயாரானது, அமலுக்கு வந்தது 2016இல். பதினோரு வருடம்! ஐ.ஏ.இ.ஏ.வின் அணுப் பாதுகாப்புப் பணிகளுக்கான செலவில் பெரும்பகுதி நாடுகள் விரும்பிக் கொடுக்கும் நன்கொடையில் ஓடுகிறது. உயிரி ஆயுதத் தடை ஒப்பந்தம் 1975 முதல் அமலில் இருக்கிறது, சரிபார்க்கும் ஏற்பாடு இன்று வரை கிடையாது. 2001இல் அதற்கு நடந்த பேச்சுவார்த்தை அமெரிக்கா மறுத்ததால் நின்றுபோனது. அதே 2001இல்தான் ஆந்த்ராக்ஸ் தூள் தடவிய கடிதங்களால் அமெரிக்காவில் 5 பேர் இறந்தார்கள். அதை அனுப்பியது அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்திலேயே வேலை பார்த்த ஒரு விஞ்ஞானி என்று எஃப்.பி.ஐ. 2010இல் முடிவு சொன்னது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. உலகில் இன்று 1,200 டன்னுக்கு மேல் செறிவூட்டிய யுரேனியமும், பிரித்தெடுத்த புளூட்டோனியம் 500 டன்னுக்கு மேலும் இருப்பதாகக் கணக்கு. அதில் பெரும்பகுதி ராணுவத்தின் கையில், அதுவும் முக்கியமாக ரஷ்யா, அமெரிக்கா இரண்டு நாடுகளிடம். சர்வதேசப் பாதுகாப்பு விதிகள் எல்லாம் சிவில் உபயோகத்தில் உள்ள பொருளைப் பற்றியவை. ராணுவக் கிடங்குக்குள் வெளியார் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. இந்தியா, பாகிஸ்தான் உள்பட அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளுக்கும் இது பொருந்தும். ஒரு தெருவில் இருக்கிற பெட்டிக் கடைகளுக்கெல்லாம் ஆடிட், மொத்த வியாபாரிக்கு மட்டும் விலக்கு என்றால் அந்த ஆடிட்டுக்கு என்ன அர்த்தம்?

பெரிய வியாபாரியின் கடையில் திருட்டுப் போகாது என்று நினைத்தால் அதுவும் தப்பு. கஜகஸ்தான் யுரேனியத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய் வைத்த அதே ஓக் ரிட்ஜ் வளாகத்தில் 2012 ஜூலையில் என்ன நடந்தது தெரியுமா? மேகன் ரைஸ் என்ற 82 வயது கன்னியாஸ்திரீயும் இன்னும் இரண்டு பேரும் கம்பி வேலிகளை வெட்டிக்கொண்டு, யுரேனியம் வைத்திருக்கும் கட்டடத்தின் சுவர் வரை நடந்தே போனார்கள்! சுவரில் சமாதான வாசகங்களை எழுதிவிட்டு, காவலர் வரும் வரை காத்திருந்தார்கள். வந்தது அணு ஆயுதத்தை எதிர்க்கிற ஒரு பாட்டி. அது உலகத்தின் அதிர்ஷ்டம்.

கணக்கு ஒழுங்காக இருக்கும் நாட்டிலும் 'நார்மல் லாஸ்' விடுவதில்லை. ஜப்பானின் டோக்காய் மறுசுத்திகரிப்பு ஆலையில் 25 வருடக் கணக்கைப் பார்த்தபோது 206 கிலோ புளூட்டோனியம் இடிப்பதாக 2003இல் அரசே அறிவித்தது. மொத்தத்தில் சுமார் 3 சதவீதம். பிறகு திரும்பக் கணக்குப் போட்டு 59 கிலோ என்றார்கள். யாரும் திருடவில்லை, கழிவில் போனதும் அளவையில் வந்த பிழையும்தான் காரணம் என்றார்கள். நம்பலாம். ஆனால் 59 கிலோ என்பது ஏழு குண்டுக்கு மேல். நல்ல ஆலையிலேயே இவ்வளவு வித்தியாசம் வருமென்றால், கெட்ட ஆலையில் ஒரு பொறியாளர் பால்கனியில் ஜாடி வைப்பது எப்படித் தெரியும்?

"முப்பது வருடமாகப் பயமுறுத்துகிறார்கள், ஒரு அணுகுண்டும் வெடிக்கவில்லையே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். வெடிக்காததற்கு அந்த முப்பது வருடப் பூட்டும் சாவியும் ஒரு காரணம் என்பதுதான் பதில். தடுப்பூசி போட்ட பிறகு நோய் வரவில்லை, ஆகவே தடுப்பூசி தேவையில்லை என்பது போன்றது இந்த வாதம். 1993 முதல் அணு, கதிரியக்கப் பொருட்கள் காணாமல் போனது, கைமாறியது என்று ஐ.ஏ.இ.ஏ. பதிவேட்டில் 4,000க்கும் மேற்பட்ட சம்பவங்கள் உள்ளன. பெரும்பாலானவை கவனக்குறைவு. ஆனால் 1994 டிசம்பரில் பிராகா நகரில் ஒரு காரில் 2.7 கிலோ செறிவூட்டிய யுரேனியம் பிடிபட்டதும் அந்தக் காலத்துச் சம்பவம்தான்.

"இதெல்லாம் வல்லரசுகளின் சாக்கு" என்பது இன்னொரு வாதம். இதிலும் உண்மை இருக்கிறது. பேரழிவு ஆயுதம் என்று சொல்லித்தான் 2003இல் இராக் மீது படையெடுத்தார்கள். கிடங்கு நிறைய ஆயுதம் என்றார்கள், ஒன்றும் இல்லை என்று அமெரிக்கா அனுப்பிய குழுவே 2004இல் அறிக்கை கொடுத்தது. அதைவிடக் கொடுமை, ஐ.ஏ.இ.ஏ. முத்திரை வைத்துப் பாதுகாத்த துவைத்தா கிடங்கு அந்தப் போரில்தான் காவல் இல்லாமல் போனது. அக்கம்பக்கத்து ஏழை ஜனங்கள் உள்ளே புகுந்து, யுரேனியப் பொடியைக் கீழே கொட்டிவிட்டு, பீப்பாய்களைத் தண்ணீர் பிடிக்க எடுத்துப் போனார்கள். குண்டு செய்கிற தரம் இல்லை அது, நல்ல வேளை. ஆயுதம் பரவக்கூடாது என்று போன படை, இருந்த ஒரே பூட்டையும் திறந்து விட்டது. அந்தப் போருக்கு அமெரிக்கா செலவழித்தது 800 பில்லியன் டாலருக்கு மேல். நன்-லூகர் திட்டத்துக்கு வருடத்துக்கு ஆனது சில நூறு மில்லியன். எது வேலை செய்தது என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே வல்லரசுகளைச் சந்தேகப்படுவது சரி. அதற்காக இந்த வேலையே வேண்டாம் என்பது தப்பு. அவர்களுடைய கணக்கையும் திறந்து காட்டச் சொல்வதுதான் சரியான கோரிக்கை.

இப்போது நடப்பது நேர்மாறு. 2010இல் ஒபாமா ஆரம்பித்த அணுப் பாதுகாப்பு உச்சி மாநாடுகள் நான்கோடு 2016இல் முடிந்துபோயின. நான்காவதற்கு ரஷ்யா வரவே இல்லை. கிரிமியா பிரச்சினைக்குப் பிறகு, 2014 முடிவில் அமெரிக்காவோடு செய்துவந்த கிடங்குப் பாதுகாப்பு வேலைகளில் பெரும்பாலானவற்றை ரஷ்யா முடித்துக்கொண்டது. இரு நாடும் தலா 34 டன் புளூட்டோனியத்தை ஒழிப்பதாகப் போட்ட ஒப்பந்தத்தையும் 2016இல் நிறுத்தி வைத்தது. உக்ரைன் போருக்குப் பிறகு பேச்சே இல்லை. பனிப்போர் முடிந்த புதிதில் எதிரிகளாக இருந்தவர்கள் உட்கார்ந்து பேசியது, இன்று முடியவில்லை.

ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு பார்ட்னர்களும்கூட வருடக் கடைசியில் ஸ்டாக் எடுப்பார்கள். நம்பிக்கை இல்லாததால்தான் எடுப்பார்கள்! நாடுகளுக்கும் அதுதான் பொருந்தும். சண்டை எவ்வளவு இருந்தாலும் இந்த ஒரு வேலையைத் தனியாக வைக்க வேண்டும். ராணுவக் கையிருப்பும் ஏதோ ஒரு முறையில் கணக்குக்குள் வர வேண்டும், ரகசியம் போகாமல் இருப்பை மட்டும் சரிபார்க்க வழிகள் யோசிக்க முடியும். ஐ.ஏ.இ.ஏ.வுக்கு இந்த வேலைக்கு நன்கொடை அல்ல, நிரந்தர பட்ஜெட் வேண்டும். ஒன்பது பேர் இருக்கும் இடத்தில் தொண்ணூறு பேராவது வேண்டும். உயிரி ஆயுத ஒப்பந்தத்துக்கு ஒரு தணிக்கையாளர் வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு சிறு போரின் ஒரு வாரச் செலவுகூட ஆகாது.

பொடோல்ஸ்க் பொறியாளருக்கு மூன்று வருட நன்னடத்தைக் காவல் மட்டும்தான் தண்டனை கிடைத்தது. அவர் பயங்கரவாதி இல்லை. சம்பளம் போதாத ஒரு ஊழியர். அவரிடம் வாங்க வருகிறவன்தான் பயங்கரவாதியாக இருந்திருப்பான். அன்று அவனுக்கு முன்னால் போலீஸ் வந்தது, அதுவும் பேட்டரியைத் தேடிக்கொண்டு.

அடுத்த முறையும் யாராவது பேட்டரி திருடுவார்கள் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்க முடியாது.